இரண்டு பவுண்டு காற்று

அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் அமுங்கி உள்ளே போகிறது. எடுத்தால் மெல்ல மேலே எழும்புகிறது. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் பார்த்திருந்தால், "காத்தே இல்லாம எப்படி சார் ஓட்டிட்டு வந்தீங்க?" என்று பம்பை எடுக்கப் போயிருப்பார். ஆனால் அதற்கு அவ்வளவுதான் காற்று. காருக்குச் சதுர அங்குலத்துக்கு 30, 32 பவுண்டு அடிக்கிறோம். காற்றடைத்த சாதாரணச் சக்கர நாற்காலி டயருக்குப் பல சமயம் அதைப் போல இரண்டு மடங்கு. மணலில் ஓடும் இந்த நாற்காலிக்கு 2 பவுண்டு போதும், மிஞ்சிப்போனால் 4. பூசணிக்காய் மாதிரி உருண்டு பருத்து, ஒன்றேகால் அடி விட்டமும் முக்கால் அடி அகலமுமாக நான்கு பலூன்கள். மேலே துருப்பிடிக்காத குழாய்களில் ஒரு சட்டம், வலைத்துணியில் ஓர் இருக்கை. பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்றுதான் தோன்றும்.

நான் அதை முதன்முதலில் தொட்டது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அவுட்டர் பேங்க்ஸ் என்ற நீண்ட மணல் தீவுகளில். அக்காவும் நானும் அவள் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் ஒரு வாரத்துக்குக் கடலோர வீடு ஒன்றை எடுத்து, கூடவே இந்த நாற்காலியையும் வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தான். "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, நேர்ல பாக்கட்டும்" என்றான்.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ. எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். கடலுக்கும் எங்களுக்கும் பத்து நிமிட நடை. ஒன்பது வயது வரை அப்பா தூக்கிக்கொண்டு போவார். அதன்பிறகு அவளும் கனத்தாள், அப்பாவின் முதுகும் ஒத்துழைக்கவில்லை. கடற்கரைச் சாலையின் ஓரத்தில், சிமெண்ட் திண்டு வரைக்கும்தான் அவளுடைய மெரினா. நாங்கள் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு, ஈரமான நிஜாரோடு சுண்டல் பொட்டலத்தை நீட்டும்போது, "அலை இன்னிக்கு பெருசாடா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியை எத்தனை வருடம் கேட்டாள் என்று கணக்கில்லை. பெரியவளான பிறகு ஒருமுறை பிடிவாதமாக நாற்காலியை மணலில் இறக்கச் சொன்னாள். முன்னால் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரங்களும் முதல் அடியிலேயே கத்தி மாதிரி மணலைக் கிழித்து இறங்கிவிட்டன. நான் பின்னாலிருந்து தள்ளத் தள்ள நாற்காலி முன்பக்கம் குப்புறச் சாய்ந்தது. அவள் விழாமல் பிடித்துக்கொண்டோம். சுற்றி நின்று பார்த்தவர்கள் உதவத்தான் வந்தார்கள். ஆனால் அத்தனை பேர் பார்க்க மணலில் சிக்கி நின்றது அவளுக்குப் போதுமாகிவிட்டது. பிறகு கேட்கவே இல்லை.

அந்த நாற்காலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பிறந்ததே வேறு தரைக்கு. இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிற்கும் மடக்கு நாற்காலியின் முன்னோடி 1933ல் லாஸ் ஏஞ்சலஸில் உருவானது. அதை உருவாக்கிய ஹெர்பர்ட் எவரெஸ்ட் சுரங்கப் பொறியாளர். 1918ல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். அந்தக் காலத்து நாற்காலி கனமானது, மடக்கவும் முடியாது. காரில் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும் என்ற ஒரே ஆசையில், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற தன் நண்பரோடு சேர்ந்து, அடியில் பெருக்கல் குறி போல இரண்டு குழாய்களைக் குறுக்கே வைத்து மடங்கும் நாற்காலியைச் செய்தார். வீட்டை விட்டு வெளியே வர அந்த நாற்காலி லட்சக்கணக்கானவர்களுக்கு வழி செய்தது. ஆனால் ஒல்லிச் சக்கரமும் இறுகிய டயரும் சிமெண்டுக்கும் தாருக்கும் ஏற்றவை. மணல் வந்தால் அதன் உலகம் முடிந்துவிடும்.

மணலில் ஏன் புதைகிறது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். ஒரு டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ, அது கிட்டத்தட்ட உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தமேதான். 60 பவுண்டு காற்று என்றால் மணலின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ அறுபது பவுண்டு ஊன்றுகிறது. காய்ந்த மணல் அதைத் தாங்காது. இப்போது 2 பவுண்டுக்கு வாருங்கள். ஆளும் நாற்காலியுமாக 200 பவுண்டு, அதாவது 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், தரையில் படவேண்டிய பரப்பு 100 சதுர அங்குலம். நான்கு சக்கரத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்து அங்குலம். விரித்த உள்ளங்கை அளவு. நாம் சும்மா நிற்கும்போது நம் பாதம் மணலை அழுத்துவதும் ஏறத்தாழ இந்தக் கணக்குதான். அந்த நாற்காலி மணலில் ஓடுவதை விட நடக்கிறது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காற்றைக் குறைத்து எடையைப் பரப்பலாம் என்ற இந்த யோசனை வாகன உலகத்துக்கு வந்த கதை அழகானது. வில்லியம் ஆல்பி என்ற அமெரிக்கர் 1935ல் அலாஸ்காவில் இருந்தார். அங்கே பழங்குடி மக்கள், வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தோலால் செய்த பெரிய படகு ஒன்றைப் பாரத்தோடு சரளைக் கரையில் மேலேற்றுவதைப் பார்த்தார். அடியில் அவர்கள் போட்டிருந்தது கட்டையல்ல. சீல் தோலைத் தைத்துக் காற்றடைத்த பைகள். பைகள் கல்லுக்கு ஏற்ற மாதிரி நசுங்கிக் கொடுத்தன. படகு உருண்டு ஏறியது. படகுக்கு அடியில் உருட்டுக்கட்டை போட்டுத் தள்ளும் கரையில் வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமே இல்லை. ஆல்பி அதை மறக்காமல் மனதில் வைத்திருந்து, 1950களின் தொடக்கத்தில் ரோலிகன் என்ற பெரிய பை போன்ற டயரைச் செய்தார். தரையில் ஆளைப் படுக்க வைத்து மேலே லாரியை ஏற்றிக் காட்டும் படங்கள் அப்போது பிரபலம். படுத்தவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போவார். சதுப்பிலும் பனியிலும் எண்ணெய் தேடுகிற வண்டிகளுக்கு அந்த வகை டயர்கள் போயின. நாற்காலியின் பலூன் சக்கரம் அதே குடும்பத்தின் கடைசிப் பிள்ளை என்று சொல்லலாம். பெயர் தெரியாத அந்த அலாஸ்கா கரைக்காரர்களுக்கு என் அக்காவும் கடன்பட்டிருக்கிறாள்.

சட்டம் செய்வதில் வேறு தொல்லை. உப்புக் காற்று இரும்பை விடாது. அதனால் சிலர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. குழாயிலேயே நாற்காலி கட்டினார்கள். சிலர் அலுமினியத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் போனார்கள். பலூனின் தோல் பாலியூரித்தேன். அதில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிக்கக் கூடாது, கைப்பம்ப்தான். உச்சி வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும் என்பதால் நிறைய அடித்து வெயிலில் விட்டால் பலூன் வெடித்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது எளிதில் மடங்காத, சாதாரண வாசற்படிகளில் நுழைவதற்கே சிரமப்படுகிற ஒரு பெரிய சாமான். விமானத்தில் கொண்டு போவதும் சிரமம். அமெரிக்காவில் ஒன்றின் விலை ஆயிரம் டாலருக்கு மேல், சில வகைகள் அதைப் போலப் பல மடங்கு. வருடத்தில் ஐந்து நாள் கடலுக்குப் போகிறவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வாங்குகிற சாமானாக மட்டும் இருந்திருந்தால் இந்த நாற்காலி எங்கேயும் போயிருக்காது. வாடகையும் இரவலும்தான் அதைக் கடல் வரைக்கும் நடத்திக்கொண்டு போயின. இதைத்தான் நான் அந்த ஒரு வாரத்தில் அழுத்தமாகப் புரிந்துகொண்டேன்.

அவுட்டர் பேங்க்ஸில் விடுமுறை வீடுகள் பெரும்பாலும் சனியிலிருந்து சனி. நாற்காலியின் வாரமும் அதுவே. குடை, சைக்கிள், கைக்குழந்தைத் தொட்டில் எல்லாவற்றையும் வாடகைக்கு விடுகிற கடையின் லாரியில் அவற்றோடு ஒன்றாக அதுவும் வந்து இறங்கியது. மருத்துவச் சாமான் என்ற முகவாட்டம் அதற்கு இல்லை. குடையும் தொட்டிலும் எப்படியோ அப்படித்தான் இதுவும். சட்டத்தில் வெள்ளை வண்ணத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடைதான் ஞாபகம் வந்தது. மட்கார்டில் எண், நோட்டில் பெயரும் நேரமும், திரும்பி வந்ததும் கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்ப்பது. அக்கா அந்தக் கடையில் ஒரு நாளும் சைக்கிள் எடுத்தவளில்லை. இப்போது அவள் பெயரில் ஒரு வண்டி வாடகைக்கு வந்து நிற்கிறது.

இறக்கியவர் பத்து நிமிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மெத்து மணலில் முன்னால் தள்ளாதீர்கள், திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக இழுங்கள், பாதி பலம் போதும். பிரேக் கிடையாது, ஏறும்போதும் இறங்கும்போதும் ஓர் ஆள் பிடித்தே ஆக வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்காதீர்கள், பலூன் மிதக்கும், மிதந்தால் கவிழும். உட்கார்ந்தவரைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். அந்தத் தீவின் சில ஊர்களில் தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேட்டால் வாடகையே இல்லாமல் கொடுப்பார்கள். கேப் ஹட்டெராஸ் தேசியக் கடற்கரையின் பார்வையாளர் மையங்களிலும் முதலில் வருபவருக்கு முதலில் என்று தருகிறார்கள். தீயணைக்கும் வண்டிக்குப் பக்கத்தில் பலூன் நாற்காலி நிற்பதைப் பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஊரில் எப்போதும் ஆள் இருக்கிற இடம் அதுதான், அதனால் சாவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை. மணல்மேட்டைத் தாண்டும் மரப்பாதையின் முடிவில் அக்காவின் நாற்காலியை நிறுத்தினோம். இருக்கை மாறுவதுதான் கஷ்டம். பலூன் நாற்காலியின் இருக்கை தாழ்வு. மருமகன் அதைப் பின்னால் நின்று தொடையால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். நான் அக்காவின் அக்குளில் கை கொடுத்தேன். அவள் முதலில் தன் மெத்தையை எடுத்து வலைத்துணி மேல் போடச் சொன்னாள். கால் அசையாவிட்டாலும் போலியோவில் உணர்ச்சி உண்டு. வலி முழுக்கத் தெரியும். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலருக்கு அந்த உணர்ச்சியும் இருக்காது, மெத்தை இல்லாமல் உட்கார்ந்தால் புண் வந்து மாதக்கணக்கில் படுக்க வேண்டியதுதான். வெயிலில் நின்ற குழாய் சுட்டாலும் தெரியாது. வாடகைக்குக் கொடுப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டிய விஷயம் இது.

இழுத்தோம். பலூன்கள் மணலின் மேல் ஆழமில்லாத நான்கு தடங்களைப் போட்டன. ஈரமணல் வந்ததும் நாற்காலி லேசாகிவிட்டது, நான் ஒரு கையாலேயே தள்ளினேன். முதல் அலை அக்காவின் பாதத்தை மூடி, சக்கரத்தைச் சுற்றி நுரைத்து, அடி மணலை உருவிக்கொண்டு போனது. நாற்காலி அரை அடி நகர்ந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு விட்டாள். "இழுக்குதுடா" என்றாள். "கால் கீழ மண்ணு போறது தெரியுது."

ஐம்பத்தெட்டு வயதில் அவள் அதைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "நல்லாதான் இருந்துச்சு. ஆனா நான் போகல, நீங்க கூட்டிட்டுப் போனீங்க." தன் நாற்காலியின் வளையத்தைக் கையால் தள்ளித் தள்ளி வங்கி வேலைக்குப் போய் வந்தவள் அவள். பலூன் நாற்காலியில் கைக்கு வேலையே இல்லை. இந்தக் குறை நியாயமானது, அதைத் தீர்க்கத்தான் இந்த நாற்காலி இன்னும் பயணப்பட்டுக்கொண்டிருக்கிறது. பிரான்ஸில் ஹிப்போகாம்ப் என்று ஒரு வகை உண்டு, அதைக் கையால் தள்ளிக்கொண்டு தானே போகலாம். கலிஃபோர்னியாவில் சான் டியாகோவின் மிஷன் பீச்சிலும் பக்கத்துக் கொரனாடோவிலும் ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டும் மின் நாற்காலிகளை இலவசமாகத் தருகிறார்கள். கிரேக்கர்கள் சக்கரத்தையே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய சீட்ராக் தண்டவாளத்தில் ஓடுகிறது. வெயிலில் மின்சாரம் எடுத்து, பொத்தானை அழுத்தினால் இருக்கை மெல்லக் கடலுக்குள் இறங்கும். துணைக்கு ஆள் வேண்டாம்.

இத்தாலியும் பிரான்ஸும் பெயர் வைத்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கம் செய்கிற நாற்காலிக்கு ஜாப் என்று பெயர். ஆங்கிலத்து வேலை அல்ல. அந்த ஊர்ப் பேச்சில் "வா, கடல்ல குளிக்கப் போலாம்" என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள். பிரெஞ்சுக்காரர்களின் டிராலோ என்ற பெயரில் 'தண்ணீருக்கு இழு' என்ற பொருள் ஒலிக்கிறது. அதன் கைப்பிடிகளே மிதவைகள், அதனால் உட்கார்ந்தபடியே மிதக்கலாம். இத்தாலியில் 1992ஆம் ஆண்டின் 104ஆம் எண் சட்டம், கடற்கரைக் குளியல் நிலையம் நடத்த உரிமம் பெறவும் புதுப்பிக்கவும், மாற்றுத்திறனாளிகள் உண்மையிலேயே கடலை அடைய வழி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கடற்கரை வரை என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடலை என்றே எழுதினார்கள். அமெரிக்க அரசும் 2013ல் தன் பொறுப்பிலுள்ள கடற்கரைகளுக்கு விதி செய்தது. அதன்படி போடும் பாதை 60 அங்குல அகலமாக, உயர் ஓதத்தில் தண்ணீர் வந்து தொடும் கோடு வரைக்கும் போக வேண்டும்.

நம் மெரினாவுக்கு அந்தப் பெயர் வந்தது கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல் உலாவும் சாலை போட்டபோது. சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் மணல். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் கடலைப் பார்க்க நிரந்தரமாக ஒரு பாதை வந்தது 2022 நவம்பர் 27ல். 138 வருடம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், முழுக்க மரப்பலகை, செலவு 1 கோடியே 14 லட்சம். அதற்கு முன் சில வருடங்கள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். நிரந்தரமாக வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கியவர்கள் மாற்றுத்திறனாளி உரிமைக்காக நின்றவர்கள்தான். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அலை வந்து பலகைகளைப் பெயர்த்துப் போட்டது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்து அக்கா அன்று சாப்பிடவில்லை. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். பிறகு பெசன்ட் நகரிலும் அப்படியொரு பாதை வந்தது.

பாதை பெரிய விஷயம். அதில் அக்கா தானே வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகிறாள், யாரும் இழுக்கவில்லை. வழியில் நின்று மாங்காய் பத்தை வாங்குகிறாள், உப்பு மிளகாய்த்தூள் கேட்டு வாங்குகிறாள். ஆனால் பாதை ஓரிடத்தில் நின்றுவிடும். கடல் நிற்காது, ஒரு மாதம் கிட்டே வரும், ஒரு மாதம் விலகிப் போகும். அந்த மிச்சத் தூரத்துக்குத்தான் பலூன் நாற்காலி. வருடம் முழுக்க, மழைநாளிலும் வார நாளிலும், போய்க் கேட்டால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள், காற்றுப் பார்க்க ஒரு கைப்பம்ப், உப்பைக் கழுவ ஒரு குழாய், பெயரெழுத ஒரு நோட்டு இருந்தால் போதும். வாடகை சைக்கிள் நடத்திய ஊருக்கு இது தெரியாத தொழில் இல்லை. விழாவுக்கு வந்து படம் எடுத்துவிட்டு அறையில் பூட்டப்படும் நாற்காலியில் 2 பவுண்டு காற்றும் ஒரு மாதத்தில் இறங்கிவிடும்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் அக்காவும் நானும் பாதையின் கடைசிப் பலகை வரைக்கும் போனோம். அவள் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டாள்.

"இங்கேருந்து தண்ணி எத்தனை அடிடா?"

"தெரியலக்கா. கிட்டதான்."

"நடந்து எண்ணிட்டு வா."

எண்ணிக்கொண்டே நடந்தேன். ஈரமணலைத் தொட்டபோது நாற்பத்தொன்று. திரும்பி வந்து சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவையும் பழைய பாஸ்புக் ஒன்றையும் எடுத்து, பின் அட்டையில் தேதியும் நேரமும் போட்டு 41 என்று எழுதினாள்.

"ஆடியில ஒரு தடவை வந்து எண்ணணும்" என்றாள். "அப்புறம் ஐப்பசியில. மனு எழுதறப்ப கிட்டன்னு எழுத முடியாது."

பிரேக்கை எடுத்துவிட்டு, பலகை மேல் தானே திரும்பினாள்.